பால்கனிக்கும் ஆயுள் உண்டு!

மழைக்காலத்தில் இளைப்பு, இருமல் என்று வருகிறவர்களிடம் நாடி பார்த்த கையோடு, "வீட்டுச் சுவர் ஓதம் காக்குதா?" என்று கேட்பது என் வழக்கம். "அதுக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம், டாக்டர்?" என்பார்கள்.

இருக்கிறது. ஈரச் சுவரில் பூசணம் பிடிக்கும்; அதன் நுண்துகள் மூச்சோடு உள்ளே போகும். ஓதமும் பூசணமும் உள்ள வீடுகளில் இளைப்பு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமே 2009-ல் வெளியிட்ட வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது.

சென்னை அடுக்குமாடிகளில் இந்த ஈரம் நுழையும் வழிகளில் ஒன்று பால்கனி. 'வாட்டர்ப்ரூஃபிங் செஞ்சாச்சு' என்று நிம்மதியாக இருந்துவிடுகிறோம். மேலே அடிக்கும் பூச்சு, வெயிலிலும் மழையிலும் சில வருடங்களில் வெடித்துவிடும். டைல்ஸுக்கு அடியில் போட்டது கூடுதல் காலம் தாங்கும். ஆனால் அதுவும் சாசுவதமல்ல. கசிவது உங்கள் பால்கனி. மூச்சு வாங்குவதோ கீழ்வீட்டுக் குழந்தைக்கு!

ஐப்பசி அடைமழைக்கு முன், புரட்டாசியிலேயே பாருங்கள். வடிகுழாய் வாயில் சேர்ந்த இலை, மண்ணை எடுங்கள். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, தேங்காமல் ஓடுகிறதா என்று கவனியுங்கள். தரையும் சுவரும் சேரும் மூலையிலும் டைல்ஸ் இடுக்கிலும் விரிசல் இருந்தால் கொத்தனாரை அழைத்து அடைத்துவிடுங்கள். பூந்தொட்டிகளை அடிக்கடி நகர்த்தி, அடியில் உலர விடுங்கள்.

கறைமேல் பெயிண்ட் அடிப்பது வைத்தியம் ஆகாது. ஆடாதோடைக் குடிநீர் நான் தருகிறேன். சுவர் ஈரமாகவே இருந்தால் மருந்து மட்டும் என்ன செய்யும், சொல்லுங்கள்?