அண்ணன் வைத்துச் சென்ற மெட்டுகள்

இப்பகுதியில் இதுகாறும் நாதசுரம், பஜனை, வில்லுப்பாட்டு முதலியவற்றைப் பற்றியே எழுதி வந்திருக்கிறோம். இம்மாதம் மேல்நாட்டு ராக் கோஷ்டி ஒன்றைப் பற்றி எழுதப் புகுவது கண்டு மூத்த அன்பர்கள் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். நெரிக்கட்டும், முழுவதும் படித்த பின்னர் வைதால் போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல், கல்யாணிலுள்ள நமது குடியிருப்பில் சற்றே கண்ணயரலாம் எனப் பாயை விரித்த வேளையில், அடுத்த அறையிலிருந்து பேரிரைச்சல் ஒன்று கிளம்பியது. எழுந்து சென்று பார்த்தோம். தமையனாரின் மகன் ஒலிபெருக்கிப் பெட்டியின் முன் அமர்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். "என்னடா இது?" என்றோம். "ஏசி டிசி, சித்தப்பா" என்றான்.

இரயில்வே எழுத்தர் ஒருவரிடம் இச்சொற்களைக் கூறினால் அவர் மனம் வேறெங்கே போகும்? 1925-ஆம் ஆண்டு விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு முதல் மின்சார வண்டி ஓடிய நாள் தொட்டு, இம்மாநகரின் இருப்புப் பாதைகளுக்கு மேல் ஓடியது 1500 வோல்ட் டிசி மின்சாரம். நாட்டின் பிற பகுதிகளில் பின்னர் வந்தது 25,000 வோல்ட் ஏசி. இரண்டிலும் இழுக்கவல்ல எஞ்சின்கள் இதற்கெனவே செய்யப்பட்டு நெடுங்காலம் இங்கு ஓடின. 2016-இல் துறைமுகப் பாதையும் மாற்றப்பட்டதோடு டிசி முற்றிலும் ஒழிந்தது. "அந்தப் பழைய எஞ்சின்களைப் பற்றிய பாட்டா?" என்று கேட்டுவிட்டோம். பையன் விழுந்து விழுந்து சிரித்தான்.

நமது ஊகம் முழுப் பிழையன்று என்பது பின்னர்த் தெரிந்தது. கோஷ்டிக்குப் பெயர் தேடிக்கொண்டிருந்த ஆஸ்திரேலியச் சகோதரர் இருவருக்கு, அவர்தம் தமக்கையார் மார்கரெட் தையல் இயந்திரத்தின்மேல் பொறித்திருந்த இவ்வெழுத்துகளைக் கண்டு எடுத்துக் கொடுத்தாராம். இளையவரைப் பள்ளிச் சிறுவனின் உடுப்பில் மேடையேறச் சொன்னவரும் அவரே. எழுபது வயதைத் தொட்ட பின்னும் அம்மனிதர் அரைக்கால் சட்டையும் தொப்பியுமாகவே கிதார் வாசித்துவருகிறார்.

நம் போன்ற குடிபெயர்ந்த குடும்பங்கள் கருதத்தக்க கதை அது. 1962-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி மறு ஆண்டிலும் பிரிட்டனை வாட்டிய கடுங்குளிருக்குப் பின், கிளாஸ்கோ நகரத்து யங் குடும்பத்தார் 1963-இல் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்து, சிட்னியில் வில்லவுட் என்னுமிடத்துக் குடியேறிகள் விடுதியில் இறங்கினர். மால்கமுக்கு அப்பொழுது 10 வயது, ஆங்கஸுக்கு 8. இவர்களுக்கு மூத்தவரான ஜார்ஜ், அவ்விடுதியிலேயே டச்சு, ஆங்கிலேயக் குடியேறிகளின் பிள்ளைகளோடு கூடி ஈஸிபீட்ஸ் என்ற கோஷ்டியை அமைத்து, 1966-இல் உலகப் புகழ் பெற்றார். பின்னர்த் தம்பியர் 1973-இல் தமது கோஷ்டியைத் தொடங்கியபோது அவர்களின் தொடக்ககால இசைத்தட்டுகளை உருவாக்கித் தந்தவரும் இந்த அண்ணனே. முதலில் வந்தவன் பின்னால் வருகிறவனுக்குப் பாய் விரித்து வைப்பது தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் புதிய செய்தியா என்ன?

அவர்களுடைய பாடகர் பான் ஸ்காட் என்பவரும் ஸ்காட்லாந்தில் பிறந்து சிறுவயதில் பெற்றோருடன் கடல் கடந்தவர்தாம். 1980 பிப்ரவரியில் அவர் லண்டனில் திடீரென இறந்துபட்டார். கோஷ்டி கலைந்துவிடும் என்றே பலரும் எண்ணினர். அதே ஆண்டு ஜூலையில், வட இங்கிலாந்தைச் சேர்ந்த பிரையன் ஜான்சனைப் பாடவைத்து, 'பேக் இன் பிளாக்' என்ற தொகுப்பை வெளியிட்டனர். துக்கத்தின் அடையாளமாக உறை முழுவதும் கருநிறம். முதற்பாட்டு மணியோசையுடன் தொடங்கும். உலகில் மிக அதிகமாக விற்ற இசைத்தொகுப்புகளில் அஃதும் ஒன்று. இஃது அனைவரும் அறிந்த மீட்சி. நாம் சொல்ல வந்தது இரண்டாவது மீட்சியை.

2014-ஆம் ஆண்டு தொட்டு இக்கோஷ்டிக்குச் சனி பிடித்தது போலும். மூத்தவர் மால்கமுக்கு மறதி நோய் முற்றியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, தாமே இயற்றிய மெட்டுகளை மேடைக்காகப் புதிதாய்க் கற்பவர்போல் மீண்டும் மீண்டும் பயின்றாராம். படிக்கும்போது நெஞ்சு கனத்தது. அவர் விலகவே, மூத்த தமையனின் மகன் ஸ்டீவி அவ்விடத்தில் அமர்ந்தார். சித்தப்பாவாகிய ஆங்கஸைவிட ஓராண்டும் சில மாதங்களுமே இளையவர் அவர். நமது கூட்டுக் குடும்பங்களில் காணாத விந்தையன்று. டிரம் வாசிப்பவர் ஒரு வழக்கில் சிக்கி விலகினார். 2016-இல் பாடகர் ஜான்சனிடம் மருத்துவர்கள், "இனி மேடையேறினால் செவி முற்றும் போய்விடும்" என்று கூறிவிட்டனர். எஞ்சிய கச்சேரிகளை வேறொரு பெரிய கோஷ்டியின் பாடகர் ஆக்ஸல் ரோஸ் பாடி முடித்தார். பேஸ் கிதார் வாசித்த கிளிஃப் வில்லியம்ஸும் அவ்வாண்டே ஓய்வு கொண்டார். 2017 அக்டோபரில் ஜார்ஜ் காலமானார். ஒரு மாதம் நிறைவதற்குள், நவம்பர் 18-ஆம் நாள், மால்கமும் மறைந்தார். அண்ணன் தம்பி மூவரில் எஞ்சியவர் ஆங்கஸ் ஒருவரே.

இந்நிலையில் வேறொருவராயின் கடையைக் கட்டியிருப்பர். ஆங்கஸ் பழைய பெட்டிகளைத் திறந்தார். 2008-இல் வெளிவந்த ஒரு தொகுப்புக்காகத் தாமும் அண்ணனும் ஆக்கிய மெட்டுகளில், பயன்படாமல் எஞ்சியவை பல அவற்றுள் இருந்தன. விலகிப்போன மூவரையும் அழைத்தார்; மூவரும் வந்தனர். 2018-இல் கனடாவின் வான்கூவர் நகரில் ஒலிப்பதிவு நடந்தது. 'பவர் அப்' என்ற பெயரில் 12 பாடல்களும் 2020 நவம்பர் 13 அன்று வெளியாயின. மால்கம் மறைந்து மூன்றாண்டு நிறைய ஐந்து நாட்களே இருந்தன. திதி பார்த்தார்களோ என்று நம் வீட்டார் கேட்டனர்.

தொகுப்புக்கு முன்னர்த் தனிப்பாட்டாக ஒன்றிரண்டை வெளியிடுவது அவர்கள் வழக்கம். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் காட்டுவது போன்றது அது. முதலாவதாக அக்டோபர் 7-இல் 'ஷாட் இன் தி டார்க்' வந்தது. உண்மையைச் சொல்லுமிடத்து, இது பழைய அச்சில் வார்த்த பழைய பாத்திரமே. இரவு நேரத்து மதுவைச் சுற்றி எழுந்த அதன் பொருளும் குடும்பத்தில் விளக்கத்தக்கதன்று. 'ரியலைஸ்' இதனினும் விறுவிறுப்பானது. தொகுப்பின் வாயிலில் அதனை நிறுத்தியது சரியே. நமது உள்ளத்தைத் தொட்டது 'த்ரூ தி மிஸ்ட்ஸ் ஆஃப் டைம்' என்னும் நான்காவது பாட்டு. கடந்த காலத்தை மூடுபனியூடே திரும்பிப் பார்க்கும் அதில் இக்கோஷ்டிக்கு வழக்கமில்லாத ஒரு கனிவு இழைகிறது. 2021-இல் இதுவும் 'விச்சஸ் ஸ்பெல்' என்பதும் ஒரே தட்டின் இரு முகங்களாக வெளிவந்தன. எஞ்சியவற்றுள் இரண்டு மூன்றைக் கேட்காவிடினும் நட்டமில்லை.

இவர்கள் ஒரே பாட்டையே ஐம்பதாண்டுகளாகப் பாடிவருகின்றனர் என்று பரிகசிப்போர் உண்டு. மறுப்பதற்கில்லை. ஆயினும் மால்கம் செய்த வேலையைக் கவனித்தல் வேண்டும். ஆங்கஸ் மேடை முழுதும் துள்ளி ஓடிச் சரவெடி வெடிப்பார்; மால்கமோ ஒலிபெருக்கியின் அருகே நின்ற இடத்தில் நின்று, தாளம் பிசகாமல் அடிநாதத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார். கைதட்டல் தம்பிக்கு, பாரம் அண்ணனுக்கு. 'பவர் அப்' தொகுப்பில் மால்கமின் விரல்கள் வாசித்தது ஒன்றுமில்லை, வாசித்தவர் ஸ்டீவி. எனினும் 12 பாடல்களுக்கும் இயற்றியோர் என ஆங்கஸ், மால்கம் என்ற இரு பெயர்களே அச்சிடப்பட்டுள்ளன. கணக்குப் புத்தகத்தில் இறந்தவர் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை ஏற்றும் தம்பிமாரை நாம் கண்டதுண்டு. ஆங்கஸ் அடிக்கவில்லை. ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய மூன்றிலும் அத்தொகுப்பு விற்பனையில் முதலிடம் பெற்றது.

நிற்க. ஜான்சனின் செவியைப் பற்றி இன்னும் சிறிது கூற வேண்டும். உட்செவியில் ஒலியை வாங்கும் நுண்ணிய மயிர்க்கலங்கள் பேரொலியால் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. ஆகவே குணமாதல் என்ற பேச்சுக்கு இடமில்லை. ஸ்டீபன் ஆம்ப்ரோஸ் என்ற கருவி வல்லுநர், காதைச் சுற்றியுள்ள எலும்பின் துணைகொண்டு ஒலியை உணரச்செய்யும் சாதனம் ஒன்றை அவருக்காகப் பல காலம் திருத்தித் திருத்தி அமைத்தார். 2023 அக்டோபரில், கலிஃபோர்னியாவின் இந்தியோ என்னும் ஊரில், 76 வயதில் ஜான்சன் மீண்டும் மேடையேறிப் பாடினார்.

இதனை நாம் இவ்வளவு கருத்தூன்றிப் படித்தமைக்குக் காரணம் உண்டு. நமது தமையனார் எஞ்சின்களின் அருகே 28 ஆண்டுகள் பணிபுரிந்தவர். நம்மை ஊரிலிருந்து அழைத்துவந்து, தேர்வுக்கு விண்ணப்பம் எழுதித் தந்து, இரயில்வேயில் அமரச் செய்தவரும் அவரே. சங்கத்து பஜனைக்கு அவர் மிருதங்கம் வாசித்ததைப் பலர் கேட்டிருப்பீர்கள். இரண்டாண்டுகளாக அவர் வருவதில்லை. "ஊருக்குப் போயிருக்கிறார்", "உடம்பு சரியில்லை" என்றெல்லாம் நாமும் சொல்லி வந்தோம். உண்மை யாதெனில், அவருக்குச் செவி மந்தித்துவிட்டது. வாங்கிய காதுக்கருவி மேசை இழுப்பறையில் கிடக்கிறது. ஒருமுறை பஜனையில் பாட்டு நின்ற பின்னும் அவர் கை நிற்கவில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தனர். அன்று மிருதங்கத்தை உறையிலிட்டுப் பரண்மேல் ஏற்றியவர்தாம்.

ஜான்சனின் வரலாற்றை ஒரு தாளில் எழுதி அவரிடம் நீட்டினோம். படித்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. இவ்வளவு ஏன் எழுதினோம் என்று நமக்கே கூச்சமாய்ப் போயிற்று.

மறு ஞாயிறு பையன் வழக்கம்போல் இரைச்சலைத் தொடங்கினான். அண்ணி அடுக்களையிலிருந்து அதட்டினார். தமையனார் எழுந்து வந்து, ஒலிபெருக்கி இருந்த மேசையின்மேல் உள்ளங்கையை வைத்தார். பையன் அஞ்சி ஒலியைக் குறைக்கப் போனான், வேண்டாமெனத் தலையசைத்தார். பாட்டு முடியுமட்டும் கை மேசைமேலேயே இருந்தது. இரண்டாம் பாட்டில் மற்றொரு கை தொடையில் தட்டத் தொடங்கியது. ஓரிடத்திலும் பிசகவில்லை.

"நாலு நாலாகத்தானே போகிறது? இதற்கா இவ்வளவு ஆட்டம்?" என்றார், தம் குரலின் உரப்பை அறியாமல். பிறகு பரணை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். நாம் நாற்காலியை இழுத்துப் போட்டோம். உறையைக் கழற்றி, வாரை இழுத்துப் பார்த்து, "தளர்ந்து கிடக்கிறது" என்று முணுமுணுத்தவர், மகனைத் திரும்பிப் பார்த்து, "இடந்தலைக்கு அப்ப வேண்டும், அம்மாவிடம் கொஞ்சம் ரவை வாங்கி வா" என்றார்.