போனக்காடு பஸ்ஸும் மயிரிழை இடைவெளியும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக மலையேறும் சாலை போனக்காட்டோடு சரி. அதற்கு மேல் அகத்தியர்கூடத்துக்கு நடைதான். தேயிலைத் தோட்டத்துக்காகத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டவர்களின் வாரிசுகள் இங்கே சிதிலமான லயங்களில் வசிக்கிறார்கள். தொழிற்சாலை மூடப்பட்டு ஆண்டுகள் பலவாகிவிட்டன. உள்ளே இயந்திரங்கள் துருப்பிடிக்கின்றன. கூலி பாக்கி, பணிக்கொடை பாக்கி என்று அவர்கள் கதை நீளமானது. ஆஸ்பத்திரிக்கோ கடைத்தெருவுக்கோ இறங்க வேண்டுமானால் கேரள அரசு பஸ். அது இல்லாவிட்டால் பணம் கொடுத்து ஜீப்.

மலைச்சாலை வண்டியை எப்படித் தின்கிறது என்றால் எல்லோரும் பிரேக்கையும் டயரையும் ரேடியேட்டரையும் சொல்வார்கள். கிராங்க் ஷாஃப்டின் 'எண்ட் ப்ளே' பற்றிப் பேசுபவர்கள் குறைவு. எஞ்சினை இறக்கி வேலை செய்யும்போதுகூடப் பல பட்டறைகளில் அதை அளப்பதில்லை. அளக்கப் பத்து நிமிடம் போதும் என்பதுதான் வேடிக்கை.

பிஸ்டன்களின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்ட், சுழல்வதோடு நிற்காமல் முன்னும் பின்னும் நகரவும் பார்க்கும். அடியோடு நகரவிடாமல் இறுக்கினால் எண்ணெய் புக வழியில்லை, சூடேறிப் பிடித்துக்கொள்ளும். அதனால் மயிரிழை அளவுக்கு இடம் விடுகிறார்கள். கார் எஞ்சின்களில் அது பெரும்பாலும் 0.05 மி.மீ. முதல் 0.30 மி.மீ. வரை. கனரக டீசல் எஞ்சின்களில் சிலவற்றுக்கு 0.40 மி.மீ.யையும் தாண்டலாம். சரியான எண்ணை அந்தந்த எஞ்சினின் கையேடுதான் சொல்லும். இந்த நகர்வைத் தாங்குபவை த்ரஸ்ட் வாஷர்கள். அம்பாசடரின் பழைய எஞ்சினில் நடு மெயின் பேரிங்கின் இருபுறமும் அரைவட்டமாக உட்கார்ந்திருப்பவை இவையே.

ஷாஃப்டை முன்னே தள்ளுவது யார்? டிரைவரின் இடது கால். கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் அந்த அழுத்தம் ஃப்ளைவீல் வழியாக ஷாஃப்டை முன்பக்கம் தள்ளுகிறது. முழு லோடுடன் கொண்டை ஊசி வளைவில் திணறும் பஸ்ஸில், பெடலிலிருந்து காலை எடுக்காமலே ஓட்டும் பழக்கம் எளிதில் வந்துவிடும். வட்டமான மெயின் பேரிங்கில் சுழலும் ஷாஃப்ட் எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கிறது. தட்டையான வாஷருக்கு அந்த வசதி குறைவு. காடிகள் வழியே வரும் எண்ணெய்தான் அதற்குக் கதி. இடைவிடாமல் அழுத்தினால் மேற்பூச்சு தேய்ந்துபோகும்.

அறிகுறிகள் உண்டு. எஞ்சின் நின்று ஓடும்போது கிளட்சை மிதித்தால் சத்தம் மாறும். முன்பக்க கப்பி கண்ணுக்குத் தெரியவே நகரும். கவனிக்காமல் விட்டால் வாஷர் தேய்ந்து மெலிந்து ஆயில் சம்ப்பில் விழலாம். பிறகு இரும்போடு இரும்பு உரசும். ஷாஃப்ட் மட்டுமல்ல, பிளாக்கே வீண். சில்லறைச் சாமானை மிச்சம் பிடித்து எஞ்சினையே விலை கொடுக்கும் கணக்கு இது.

அளக்கும் முறை எளிது. டயல் கேஜைக் காந்த அடியுடன் பிளாக்கில் நிறுத்தி, முள்ளை ஷாஃப்டின் முனையில் தொடவைக்க வேண்டும். நெம்புகோலால் ஷாஃப்டைப் பின்னே தள்ளி கேஜைச் சுழியில் வைத்து, பிறகு முன்னே தள்ளினால் வரும் எண்தான் எண்ட் ப்ளே. டயல் கேஜ் இல்லாத பட்டறையில் வாஷருக்கும் ஷாஃப்டின் பக்கவாட்டு முகத்துக்கும் நடுவே ஃபீலர் கேஜைச் செருகிப் பார்க்கலாம். பிரிப்பதற்கு முன் ஒருமுறை, பூட்டிய பின் ஒருமுறை அளப்பது நல்லது. கிரைண்டிங்குக்குப் போய்வந்த ஷாஃப்டை நம்பவே கூடாது. ஜர்னலைத் தேய்க்கும் கல், பக்கவாட்டு முகத்தையும் கொஞ்சம் கடித்திருக்கலாம்.

இடைவெளி கூடியிருந்தால் தடிமன் கூடிய 'ஓவர்சைஸ்' வாஷர். முகத்தில் கீறல் இருந்தால் அதையும் சீராக்கியாக வேண்டும். இல்லையேல் புது வாஷரை அது அரம் போல் அராவிவிடும். இடைவெளி குறைவாக இருந்தால், கண்ணாடித் தகட்டின் மேல் மெல்லிய எமரி தாளை விரித்து வாஷரின் இரும்பு முதுகைத் தேய்க்கிறார்கள். பேரிங் உலோகம் பூசிய பக்கத்தைத் தொடக் கூடாது. பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் கதை வேறு: ஃப்ளைவீலை ஒட்டி மூன்று ஷிம்கள், அவற்றின் தடிமனை மாற்றியே அளவைப் பிடிக்க வேண்டும்.

பூட்டும்போது இரண்டு தவறுகள் சகஜம். ஒன்று, எண்ணெய்க் காடிகள் ஷாஃப்டைப் பார்க்காமல் பிளாக்கைப் பார்க்கும்படி வாஷரைத் திருப்பி மாட்டுவது. புது வாஷர் சீக்கிரமே போய்விடும். இன்னொன்று, த்ரஸ்ட் பேரிங்கின் கேப்பை எடுத்த எடுப்பில் இறுக்கிவிடுவது. போல்ட்டைக் கையால் மட்டும் முடுக்கி, ஷாஃப்டைப் பின்னும் முன்னும் நெம்பி, முன்னே தள்ளிப் பிடித்தபடி இறுக்கினால்தான் மேல்பாதியும் கீழ்பாதியும் ஒரே மட்டத்தில் உட்காரும். இல்லாவிட்டால் ஒரு பாதியே முழுச் சுமையையும் தாங்கும்.

திருவிதாங்கூரில் அரசு பஸ் ஓடத் தொடங்கியது 1938 பிப்ரவரியில். லண்டனிலிருந்து வந்த சால்ட்டர் என்பவர் மேற்பார்வையில், பெர்கின்ஸ் டீசல் எஞ்சின் பொருத்திய காமர் சேசிஸ்களுக்கு இங்கேயே கூடு கட்டினார்கள். அந்த வழிவந்த கழகத்துக்குச் சொந்தப் பட்டறைகள் இருக்கின்றன. மலையில் ஓடும் ஜீப்பை நம்பிப் பிழைப்பவருக்கோ ரோட்டோர மெக்கானிக்தான் கதி. ஒருநாள் கூலி போய்விடுமே என்று அவசரப்படுத்துபவரும் அவரே, அந்த அவசரத்தில் அளக்காமல் விட்டதற்குப் பின்னால் தண்டம் கட்டுபவரும் அவரே.

எஞ்சின் வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது கிளட்ச் பெடலின் வெற்று ஓட்டத்தையும் சரிபார்க்கச் சொல்ல வேண்டும். அது இல்லாவிட்டால், டிரைவர் காலை எடுத்தாலும் ரிலீஸ் பேரிங் ஷாஃப்டை அழுத்திக்கொண்டே இருக்கும்.