படகுக்குள் ஒரு வயரிங் படம் ஒட்டி வைப்போம்

எங்கள் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் ஆழ்கடலுக்குப் போகும் பழைய ஃபைபர் படகுகளில் பெட்டரிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். முதல் முதலாளி இழுத்த வயர், அவரிடம் வாங்கியவர் இழுத்த வயர், பிறகு லைட்டுக்கு ஒன்று, ஜிபிஎஸ்ஸுக்கு ஒன்று, போன் சார்ஜுக்கு ஒன்று. எல்லாம் ஒரே முனையில் சுற்றிக் கிடக்கும். எது எங்கே போகிறது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

கரையில் இது சின்ன விசயம். நடுக்கடலில் இரவில் ரேடியோ செத்துப் போனால், என்ஜின் ஸ்டார்ட் ஆகாவிட்டால், அது உயிர்ப் பிரச்சினை.

"பெட்டரி போயிட்டு, புதுசு வாங்கணும்" என்று உடனே சொல்லி விடுகிறோம். பல நேரம் குற்றம் பெட்டரியில் இல்லை. சாதாரண தரத்தில் பிள்ளைகள் படிக்கும் ஓமின் விதியைப் போட்டுப் பாருங்கள். ஸ்டார்ட்டர் 200 அம்பியர் இழுக்கிறது, உப்புக்காற்றில் பச்சை பூத்த ஒரு மூட்டின் தடை 0.01 ஓம் என்று வையுங்கள். 200 × 0.01 = 2 வோல்ட். 12 வோல்ட்டில் இரண்டு அந்த மூட்டிலேயே போய்விட்டது. கழற்றி, சுரண்டி, இறுக்கினால் தீரும் வேலைக்குப் புதுப் பெட்டரி வாங்குகிறோம்.

இரண்டு 12 வோல்ட் பெட்டரியைத் தொடராக இணைத்தால் 24 வோல்ட். சமாந்தரமாக இணைத்தால் அதே 12 வோல்ட்தான், ஆனால் இரட்டிப்பு நேரம் தாங்கும். இதை மாற்றிக் கொடுத்தால் 12 வோல்ட் ரேடியோ கருகிவிடும். என்ஜினுக்கு ஒரு பெட்டரி, லைட்டுக்கும் ரேடியோவுக்கும் வேறு பெட்டரி என்று பிரித்து வைத்தால், இரவு முழுக்க லைட் எரிந்தாலும் காலையில் என்ஜின் ஸ்டார்ட் ஆகும்.

"12 வோல்ட்தானே, ஷொக் அடிக்காது" என்று பியூஸைக் கழற்றிவிட்டு நேரே இணைப்பவர்களும் இருக்கிறார்கள். ஷொக் அடிக்காதுதான். ஆனால் இரண்டு வயர் ஒட்டிக்கொண்டால் நூற்றுக்கணக்கான அம்பியர் பாய்ந்து வயர் சிவந்துவிடும். ஃபைபர் படகு தீப்பிடித்தால் ஓட இடமில்லை. பியூஸ் காப்பாற்றுவது முதலில் வயரைத்தான். அதனால் லைட், ரேடியோ லைன்களின் பியூஸ் பெட்டரியின் பொசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

வயரிங் பாஸுக்குத் தெரியும்தானே என்பீர்கள். பாஸ் கடலுக்கு வருவதில்லையே.

வகுப்பில் சுற்று வரைந்து புள்ளி வாங்கும் பிள்ளைகள் பலருக்கு வாப்பாவின் படகிலேயே ஒரு சுற்று இருக்கிறது. அதை இதுவரை யாரும் வரைந்ததில்லை. மாரியில் படகு கரையில் நிற்கும் நாளில், முதலில் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, பாஸையும் வைத்துக்கொண்டு, பிள்ளையும் வாப்பாவுமாக ஒவ்வொரு வயராகப் பின்தொடருங்கள். இரண்டு அந்தத்திலும் பெயர் எழுதுங்கள். படத்தை வரைந்து, லெமினேட் பண்ணி, பெட்டரிப் பெட்டி மூடியின் உட்பக்கம் ஒட்டுங்கள்.

படம் வரைவதில் சந்தேகம் வந்தால் பாடசாலைக்கு வாருங்கள். விஞ்ஞான ஆசிரியர்களாகிய நாங்கள் கூட இருந்து பார்ப்போம்.