பழஞ்சேலையும் பூத்தையற் பொறியும்

அன்னையார் மறைந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் அவருடைய நூற்சேலைகள் எமது பெட்டகத்திற் கிடந்தன. உடுக்கவோ இயலாது, பிறருக்குக் கொடுக்கவோ மனம் வராது. பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்துப் போர்வையாக்கும் வழக்கம் வங்காளத்தில் நெடுங்காலமாக உண்டு. அதனைக் காந்தா என்பர். சேலைக் கரையிலிருந்து உருவிய நூலைக்கொண்டே அதற்கு ஓட்டுத்தையல் இடுவதும் உண்டு. அத்துணைப் பொறுமை எம்மிடம் இல்லை. கணினி முறையில் இயங்கும் பூத்தையற் பொறி வீட்டில் இருக்கக் கையை வருத்துவானேன் என்று எண்ணினோம்.

எண்ணியதன் பயனை முதற் கட்டத்திலேயே கண்டோம். மேலே நீலச் சேலைத்துண்டு, நடுவே பஞ்சுவிரிப்பு, அடியில் வெள்ளைத் துணி என மூன்றையும் ஒருங்கே சட்டத்தினுள் வலிந்து இறுக்கி, பொறியிலிருந்த மாதிரிகளுள் இதழ் நிறைந்த தாமரை ஒன்றைத் தேர்ந்தோம். தைத்து முடிந்ததும் தாமரை அட்டைபோல் விறைத்து நின்றது. சுற்றிலும் துணி சுருங்கியது. ஓரிடத்தில் இழையே அறுந்துபோயிற்று. கடையில் மீண்டும் வாங்கக்கூடிய துணியா அது?

பிழை பொறியினுடையதன்று. இதழை நூலால் நிரப்பும் மாதிரி, சிறிய இடத்தில் ஊசியை எண்ணற்ற முறை குத்துவிக்கும். நைந்த துணி அதனைத் தாங்காது. போர்வைக்கு வேண்டியது பூவின் புறக்கோடு மாத்திரமே. ஓட்டுத்தையலாகச் செல்லும் கொடி ஒன்றே மூன்று அடுக்குகளையும் பிணைத்துவிடும். போர்வையும் மென்மை குன்றாது மடியும்.

சட்டமிடும் முறையையும் மாற்றினோம். நீரிற் கரையும் தாங்குதாளை மாத்திரம் சட்டத்தில் இறுக்கினோம். துணியடுக்கை அதன்மேற் பரப்பி, ஓரத்தைச் சுற்றி நீண்ட தையலாற் பொறியைக்கொண்டே பிணைத்த பின்னரே கொடியைத் தைத்தோம். துணி சிறிதும் இழுபடவில்லை. அவ்வோரத்தையலைப் பின்னர் பிரித்துவிடலாம். எஞ்சும் தாள் கழுவும்போது கரைந்துவிடும். ஊசி 90ஆம் இலக்கம் பொருத்தமானது. புதிய அடித்துணியாயின் முன்னரே நனைத்து உலர்த்துதல் நன்று.

பொபினிலே பூத்தையலுக்கு வழமையாக இடும் மெல்லிய வெள்ளை நூலை இடலாகாது. மற்றைப் பூவேலைகளின் பின்புறத்தை எவரும் பாரார். போர்வையோ இருபுறமும் தெரிவது. மேல்நூலையே கீழும் இடல் வேண்டும்.

எமது சட்டத்தின் தையற்பரப்பு 13 சென்ரிமீற்றர் அகலமும் 18 சென்ரிமீற்றர் நீளமுமே. ஆதலால் முழுப் போர்வையையும் பொறியோடு கட்டியிழுக்காது, கட்டங் கட்டமாகத் தைத்துச் சாதாரணத் தையற் பொறியில் இணைத்து வருகின்றோம். இணைப்பதற்கென நாற்புறமும் அரை அங்குலம் விடுதல் அவசியம். எமது இரண்டாங் கட்டத்தில் அதனையும் மறந்தோம்!

இதுவரை 11 கட்டங்கள் முடிந்துள்ளன. நீலச் சேலையில் எஞ்சிய பகுதியைக் கடைசிக் கட்டங்களுக்கென வைத்திருக்கின்றோம்.