விதைநெல்லை விற்ற வருடம்

2015 ஜூலை 30 அன்று ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் பேஸ்போல் அணி டெட்ரொய்ட்டிடமிருந்து டேவிட் பிரைஸை வாங்கியது. விலை, மூன்று இளம் பந்தெறிவாளர்கள். பிரைஸின் ஒப்பந்தமோ அந்த சீசனோடு முடிகிறது. “ரெண்டு மாசத்துக்காக ஆரும் விதைநெல்லை விப்பினமோ?” என்று ஸ்காபரோ கோப்பிக்கடையில் ஒரு அண்ணை கொதித்தார்.

நான் எதிர்க்கட்சி. 1993க்குப் பிறகு பிளேஓஃப் பாராத அணி. விதைநெல்லை எத்தனை வருசம் மூட்டையிலேயே வைத்துப் பார்ப்பது? (அன்று பிறந்த பிள்ளைகள் வேலைக்கே போய்விட்டார்கள்.) பிரைஸ் இங்கே 9 ஆட்டம் வென்றார், ஒன்றில்தான் தோற்றார். டிவிஷன் கைக்கு வந்தது. கடைசியில் கன்சாஸ் சிற்றியிடம் மடங்கினோம். அவரும் 7 வருடம், 217 மில்லியன் டொலர் என்று பொஸ்ரனுக்குப் போனார். போகட்டும். கிண்ணம் வராட்டிலும் அந்த ஒக்டோபர் வந்ததே!

கொடுத்த மூவரில் ஒருவரான மத்யூ பொயிட் டெட்ரொய்ட்டில் பல வருடம் எறிந்ததைப் பார்க்கையில் மட்டும் கொஞ்சம் வயித்தெரிச்சல்.