கோர்வையைக் காதால் பாருங்கள்

பட்டுப் புடைவை எடுக்கக் காஞ்சிபுரம் போகிற பெண்மணி கடையில் என்ன செய்கிறாள்? ஜரிகையின் பளபளப்பில் மயங்கிவிடுகிறாளா? இல்லை. கரையும் உடலும் சேருகிற இடத்தை விரலால் தடவிப் பார்க்கிறாள். இரண்டு கரைக்கும் உடலுக்குமாக மூன்று நாடா ஓட்டி, இழையோடு இழை கோத்து நெய்தது கோர்வைப் புடைவை. அந்தச் சேர்க்கையில்தான் நெசவாளியின் கைத்திறன் இருக்கிறது.

அதே பெண்மணி, வீட்டுக்கு ஸ்பீக்கர் வாங்கும்போது மட்டும், "அதெல்லாம் புருஷர்கள் சமாசாரம்" என்று ஒதுங்கிவிடுகிறாள். ஏன் ஒதுங்க வேண்டும், சகோதரிகளே? விரலுக்குத் தெரிந்த வித்தை காதுக்கும் வரும்!

ஸ்பீக்கர் பெட்டியின் முன்துணியை நீக்கினால் பெரும்பாலும் இரண்டு வாய்கள் தெரியும். பெரியது மிருதங்கத்தின் தொப்பி நாதத்தைச் சொல்லும். சின்னது ஜாலராவின் கிணுகிணுப்பைச் சொல்லும். இரண்டுக்கும் ஒலியைப் பங்கு பிரித்துக் கொடுக்க உள்ளே ஒரு மின்சுற்று உண்டு. அநேகப் பெட்டிகளில் இந்தப் பங்கீடு 2,000, 3,000 ஹெர்ட்ஸ் வாக்கில் நடக்கிறது. நம் செவி மிகக் கூர்மையாக இருப்பதும் ஏறக்குறைய அங்கேதான். ஆகவே அங்கே கோர்வை பிசகினால், ஒரே பாடகியின் குரல் இரண்டு பேர் பாடுவது போலப் பிரிந்து கேட்கும்.

சோதிப்பது எப்படி? உங்களுக்கு நன்றாகப் பழகிய பாட்டைக் கடைக்கு எடுத்துப் போங்கள். காஞ்சிபுரத்தில் 1919-ல் பிறந்து, நயினாப் பிள்ளையின் கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்து, 1929-ல் பத்து வயதிலேயே சென்னை வானொலியில் பாடிய டி. கே. பட்டம்மாளின் இசைத்தட்டு இதற்கு வெகு பொருத்தம். கம்பீரமான குரல், ஸ்பஷ்டமான உச்சரிப்பு. சாகித்தியத்தின் ஒவ்வோர் எழுத்தும் புரிகிறதா? அவர் பாடும்போதே பின்னால் தம்புராவும் கேட்கிறதா? பழைய தட்டு ஒற்றை ஒலிப்பதிவு. அதில் இடமும் வலமும் தேடாதீர்கள். குரல் இரு பெட்டிகளுக்கும் நட்டநடுவே நிற்க வேண்டும். ஸ்டீரியோ தட்டுகள் விற்பனைக்கு வந்தது 1958-ல்; பக்கவாத்தியங்கள் விலகி உட்காரும் விசாலத்தை அவற்றில் கேட்கலாம்.

இரண்டு ஜோடிகளை ஒப்பிடும்போது சத்தம் ஒரே அளவில் இருக்கட்டும். சற்று உரக்கப் பாடுவதே உயர்ந்தது என்று காது ஏமாந்துவிடும். "இத்தனை வாட்" என்கிற பேச்செல்லாம் ஜரிகைப் பளபளப்புதான். இனிமையை அந்த எண் சொல்லாது.

புதிது வாங்குமுன், இருப்பதை இடம் மாற்றிப் பாருங்கள், காலணாச் செலவில்லை. பீரோவின் மேல் ஒன்று, ஜன்னலில் ஒன்று என்று வைக்காதீர்கள். இரு பெட்டிகளும் நீங்களும் சம முக்கோணமாக அமையுங்கள். சின்ன வாய் உட்கார்ந்தவர் காதுக்கு நேராக இருக்கட்டும். சுவர் மூலையில் ஒட்டி வைத்தால் கீழ் நாதம் கும்மென்று அமுக்கும். ஒரு முழம் முன்னால் இழுங்கள். மொட்டைத் தரையும் வெறுஞ்சுவரும் எதிரொலிக்கும். ஜமக்காளம் விரித்து, கனத்த திரை போடுங்கள். பெட்டிக்கு அழகாகப் பழைய பட்டைப் போர்த்துவது மட்டும் வேண்டாம்! வாயருகே வைத்து ஊதினால் மூச்சு தாராளமாகப் புகுகிற துணியே ஸ்பீக்கருக்கு ஏற்றது.

பெரிய வாயைச் சுற்றியுள்ள ஃபோம் விளிம்பு வருஷக்கணக்கில் உளுத்து உதிர்வதுண்டு. புடைவைக்கு ஃபால்ஸ் மாற்றுவது போல அதை மட்டும் மாற்றலாம். புதிது வாங்கினால், அதன் 'ஓம்' எண் உங்கள் ஆம்ப்ளிஃபயர் அனுமதிப்பதற்குக் குறையாமல் பாருங்கள். குறைந்தால் ஆம்ப்ளிஃபயர் சூடேறிக் கெடும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் மனசு ஒப்பவில்லையா? நூறு புடைவையைப் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு, "வேறே காட்டுங்கள்" என்று சொல்லத் தயங்காதவர்கள் நீங்கள். ஸ்பீக்கர் கடையில் மட்டும் என்ன கூச்சம்?