பவளத்தை வதைக்கும் பூச்சு: தடை எங்கே பலிக்கும்?

ஹவாயின் ஓவாஹு தீவில் ஹனாவ்மா என்றொரு குடா இருக்கிறது. பழைய எரிமலை வாயின் ஒரு பக்கம் உடைந்து கடல் உள்ளே புகுந்ததால் உண்டானது. சுற்றிலும் மலைச்சுவர், நடுவே ஆழமில்லாத நீரில் பவளப்பாறைகள். 1967இலேயே பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்துவிட்டார்கள். இருந்தும் கோவிட் காலத்துக்கு முன்புவரை நாளொன்றுக்குச் சுமார் மூவாயிரம் பேர் அந்தச் சின்னக் குடாவில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிக்கு வெயிலில் சன்ஸ்கிரீன் பூசாமல் கடலில் இறங்குவது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். பூசியதில் ஒரு பகுதி தண்ணீரோடு போகும். 2020இல் நோய்த்தொற்றுக்காகக் குடாவை மூடியபோது நீர் தெளிந்தது. மணலைக் கிளறும் கால்கள் இல்லாமல் போனதும் அதற்கு ஒரு காரணம்தான்.

ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் என்ற இரண்டு வேதிப்பொருள்கள் கலந்த சன்ஸ்கிரீனை விற்கக் கூடாது என்று 2018இல் ஹவாய் சட்டம் இயற்றியது. 2021 ஜனவரி முதல் தேதி அது நடைமுறைக்கு வந்தது. அமெரிக்க மாநிலங்களில் இதுதான் முதல் முறை. ஆனால், சட்டம் தடுப்பது விற்பனையை, பூசிக்கொள்வதை அல்ல. கலிபோர்னியாவில் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு வருபவரை அது ஒன்றும் செய்யாது.

சட்டத்துக்குப் பின்னால் இருந்த ஆய்வுகளில் முக்கியமானது 2015இல் வெளியானது. கிரெய்க் டவுன்ஸ் தலைமையிலான குழு பவளத்தின் இளம் குடம்பிகளை ஆக்ஸிபென்சோன் கலந்த நீரில் வைத்துப் பார்த்தது. நீந்தித் திரிய வேண்டிய குடம்பிகள் உருக்குலைந்து அசைவற்றுப் போயின. லட்சம் கோடிப் பங்கு நீரில் 62 பங்கு இருந்தாலே பாதிப்பு தொடங்குகிறது என்றது அந்த ஆய்வு. ஆய்வுக்கூடத்துத் தொட்டியில் நடப்பது திறந்த கடலிலும் நடக்குமா என்று மற்ற ஆய்வாளர்கள் கேட்டார்கள். பின்னர் ஹவாயின் பல கடற்கரைகளில் எடுத்த நீரில் இப்பொருளின் அளவு மிகக் குறைவாகவே இருந்தது. ஆக, அந்தக் கேள்வியை வெறும் வணிகர் வாதம் என்று ஒதுக்க முடியாது.

வேதிப்பொருள் எப்படிக் கொல்கிறது என்பது 2022இல்தான் ஓரளவு புரிந்தது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் பவளத்தின் உறவினமான கடல் சாமந்தியை எடுத்துக்கொண்டார்கள். உடலுக்குள் வரும் ஆக்ஸிபென்சோனை வெளியேற்ற, கடல் சாமந்தி அதனுடன் ஒரு சர்க்கரை மூலக்கூறை ஒட்டவைக்கிறது. நீரில் எளிதாகக் கரைந்து வெளியேறட்டும் என்பதற்காக உடல் செய்யும் வேலை அது. வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. சர்க்கரை ஒட்டிய பிறகு அந்தப் பொருள் வெயிலைத் தடுப்பதில்லை. வெயில் பட்டதும் தானே நஞ்சாக வேலை செய்கிறது. ஆக்ஸிபென்சோன் கலந்த நீரில், சூரிய ஒளியை ஒத்த வெளிச்சத்தில் வைத்த கடல் சாமந்திகள் எல்லாம் 17 நாட்களுக்குள் செத்தன. புற ஊதாக் கதிர் படாமல் வைத்தவை பிழைத்தன.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் அந்த நஞ்சில் பெரும்பகுதியைத் தம்மிடம் வாங்கி வைத்துக்கொள்கின்றன. பாசியை இழந்த உயிர்கள் இன்னும் சீக்கிரம் மடிந்தன. கடல் சூடேறும்போது பவளம் இழப்பது இதே பாசியைத்தான். வெளிறல் என்று சொல்வது அதைத்தான். வெப்பமா, வேதிப்பொருளா என்று கட்சி பிரித்து வாதாடுபவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். வெப்பத்தில் ஏற்கெனவே வெளிறிய பவளத்துக்குத்தான் பூச்சு அதிகக் கேடு செய்யக்கூடும்.

அதற்காகச் சன்ஸ்கிரீனை முதல் குற்றவாளியாக்குவதும் சரியல்ல. ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட் நகரம் 2019இல் இதே இரண்டு பொருள்களுக்குத் தடை போட்டது. தோல் புற்றுநோய் பயத்தைக் காட்டி எதிர்ப்பு எழுந்தது. மறு ஆண்டே, உள்ளூர் நகரசபைகள் இப்படித் தடை போடக் கூடாதென்று மாநில அரசே சட்டம் கொண்டுவந்துவிட்டது. 2023 ஜூலையில் அதே ஃபுளோரிடாவின் மனாட்டி குடாவில் நீரின் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. சோம்ப்ரேரோ பாறைத்திட்டில் மறுநடவு செய்து வளர்த்த பவளங்கள் முற்றாக அழிந்தன. எந்தப் பூச்சைத் தடுத்திருந்தாலும் அன்று அவற்றைக் காப்பாற்றியிருக்க முடியாது. 2023இல் தொடங்கிய நான்காவது உலகளாவிய வெளிறலில், உலகின் பவளப் பரப்பில் 84 சதவீதம் வெளிறலைத் தூண்டும் அளவு வெப்பத்தைச் சந்தித்தது.

அப்படியானால் தடை வீண் வேலையா? இடத்தைப் பொறுத்தது. திறந்த கடலுக்குப் பொருந்தாத கணக்கு, நீரோட்டம் குறைந்த, கூட்டம் நெருக்கும் சிறு குடாவுக்குப் பொருந்தும். பசிபிக் தீவு நாடான பலாவ் இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டது. அங்குள்ள ஜெல்லிமீன் ஏரி காட்டுக்கு நடுவே அடைபட்ட உப்புநீர் ஏரி; உள்ளே இறங்கி ஜெல்லிமீன்களோடு நீந்தவே ஆட்கள் வருகிறார்கள். அந்த ஏரியில் சன்ஸ்கிரீன் பொருள்கள் கலந்திருப்பது ஆய்வில் தெரியவந்தது. சுமார் 18,000 பேரே வாழும் அந்த நாடு பத்து வேதிப்பொருள்களைத் தடை செய்தது. 2020 ஜனவரியில் தடை அமலுக்கு வந்தது. விற்கும் கடைக்கு ஆயிரம் டாலர் வரை அபராதம். பயணியின் பெட்டியில் இருந்தாலும் பறிமுதல் செய்யலாம். ஹவாய் விட்ட ஓட்டையைப் பலாவ் அடைத்துவிட்டது.

தாய்லாந்து வேறு வழியில் போனது. 2021 ஆகஸ்டு முதல் கடல்சார் தேசியப் பூங்காக்களுக்குள் நான்கு வேதிப்பொருள்கள் கலந்த சன்ஸ்கிரீனுக்குத் தடை. அபராதம் ஒரு லட்சம் பாட் வரை. நம் பணத்தில் இரண்டு லட்சம் ரூபாயைத் தாண்டும். கிராபிக்கும் ஃபி ஃபி தீவுகளுக்கும் கிளம்பும் தமிழ்நாட்டுப் புதுமணத் தம்பதிகள் சன்ஸ்கிரீன் குழாயைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துவிட்டுப் போவது நல்லது. முன்பக்கத்தில் ‘பவளத்துக்குப் பாதுகாப்பானது’ என்று அச்சிட்டிருப்பதை நம்பிப் பயனில்லை. அமெரிக்காவில்கூட அந்தச் சொற்றொடருக்குச் சட்டப்படியான வரையறை கிடையாது. அச்சிடும் நிறுவனமே அதை நிரூபிக்க வேண்டும் என்ற விதி வரும்வரை அது வெறும் விளம்பரம்.

ஜிங்க் ஆக்ஸைடு கலந்த பூச்சுகள் ஒப்பளவில் மேல் என்கிறார்கள். அதன் மிக நுண்ணிய துகள்கள் குறித்தும் சந்தேகங்கள் இருக்கின்றன. முழுக்கைச் சட்டை போட்டு நீந்துபவருக்கு இந்தக் குழப்பமே இல்லை: பூசவேண்டிய பரப்பு பாதியாகக் குறைந்துவிடும்.

மன்னார் வளைகுடாவின் பவளத்துக்கு இந்தப் பூச்சால் பெரிய ஆபத்து இல்லை. அங்கே நீந்த வரும் கூட்டம் இல்லை. அதைச் சிதைத்தவை வேறு: சுண்ணாம்புக்காகப் பல பத்தாண்டுகள் பாறையை வெட்டி எடுத்தோம். 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் கடலுக்குள் போய்விட்டன. மிச்சமிருப்பதை 2010இலும் 2016இலும் வெப்பம் வெளுக்க வைத்தது. அங்கே போய்ச் சன்ஸ்கிரீன் தடை பற்றிப் பேசினால் மீனவர்கள் சிரிப்பார்கள்.

லட்சத்தீவும் அந்தமானும் அப்படியல்ல. லட்சத்தீவின் ஆழமற்ற காயல்கள் 2024 கோடையில் கடுமையாக வெளிறின. சுற்றுலாவை அங்கே பெருக்க வேண்டும் என்ற பேச்சும் அதே ஆண்டுதான் சூடுபிடித்தது. அத்தீவுகளுக்குள் நுழைய முன் அனுமதி வேண்டும். அந்தப் படிவத்தில் தடை செய்த பூச்சுகளின் பெயர்களைச் சேர்ப்பதற்கு ஆகும் செலவு ஒரு வரி மைதான். அந்தமானில் ஜாலி பாய் தீவுக்குப் படகு ஏறும் முன் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பைகளைச் சோதிக்கும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. திறந்த பையில் கிடக்கும் சன்ஸ்கிரீன் குழாயையும் அதே ஊழியர் எடுத்துப் பார்க்க, ஒரு துறை உத்தரவு போதும்.